வேலியில் பெருக்கல் குறி

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிலந்தியைப் பற்றியவை. அடைமழை விட்டு வெயில் வந்ததும் எல்லார் வீட்டுக் கொல்லையிலும் வலை தெரிந்திருக்கிறது போல. ஆகவே இம்முறை முழுக்கச் சிலந்திதான். மாடித் தோட்டத்து மாவுப்பூச்சிக்கு மருந்து கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: ஐயா, எங்கள் கொல்லையில் கிளுவை வேலியும் நந்தியாவட்டையும் சேரும் இடத்தில் ஒரு சிலந்தி வலை கட்டியிருக்கிறது. வலையின் நடுவில் வெள்ளை நூலால் பெரிய பெருக்கல் குறி. அதன் மேல் தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது. முதுகில் மஞ்சள் பட்டைகள். "கொடிய விஷம், வலையோடு கொளுத்து" என்கிறார் மாமியார். மூன்றாவது படிக்கும் என் பையன், "பாவம்மா, அது கணக்குப் போடுது" என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, திருப்பனந்தாள்

பதில்: என் ஓட்டு பையனுக்குத்தான் அம்மா.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது ஆர்ஜியோபி என்ற பேரினத்துச் சிலந்தி. நம் பக்கத்து வேலிகளில் அதிகம் காணக் கிடைப்பது ஆர்ஜியோபி அனசூயா. 1887-இல் தோரெல் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர் வைத்த பெயர். கையெழுத்துச் சிலந்தி என்றும் சொல்வார்கள். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், மாலத்தீவு எங்கும் இருக்கிறது. இதற்கு நெருங்கிய உறவான புல்கெல்லா என்ற இனமும் பெருக்கல் குறி போடும். இரண்டையும் உறுதியாகப் பிரிக்க வேண்டுமென்றால் பெண் சிலந்தியின் அடிவயிற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் வேலிக்கு அவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை.

காலை எட்டு மணி வாக்கில் வெயில் வலையின் மேல் சாய்வாக விழும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். தலையும் மார்பும் சேர்ந்த முன்பகுதி முழுக்க வெள்ளி நிறத்தில் மெல்லிய மயிர். வயிறு ஐந்து மூலை உள்ளது, முன்பக்கம் அகலம், பின்பக்கம் ஒடுக்கம். அதன் குறுக்கேதான் நீங்கள் சொன்ன மஞ்சளும், நடுநடுவே பழுப்பும் வெள்ளையுமான பட்டைகள். கால்களிலும் கருமையும் வெளிறலும் மாறி மாறி வரும். உடம்பு மட்டும் 8 முதல் 12 மில்லிமீட்டர் வரைதான். கால் நீளத்தால்தான் பெரிதாகத் தெரிகிறது, உங்கள் மாமியார் பயந்ததும் அதனால்தான் இருக்கும். அப்புறம், எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துக்கொள்வதால் முதல் பார்வையில் நாலு கால் போலத்தான் தெரியும். அந்த நாலும் பெருக்கல் குறியின் நாலு கையோடு ஒட்டி நீண்டிருக்கும். பையனை எண்ணச் சொல்லுங்கள். மூன்றாவது இணைக் கால்கள் மட்டும் குட்டை, அவற்றைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமாகும்.

இருப்பிடத்தைப் பொறுத்தவரை இதற்குக் காடு வேண்டாம், இருட்டு வேண்டாம். வெயில் படுகிற, இரண்டு தண்டுகளுக்கு நடுவே இடைவெளி உள்ள, பூச்சி பறக்கிற இடம் போதும். கிளுவை வேலி, நொச்சிப் புதர், வாய்க்கால் கரையில் மண்டிய நெய்வேலிக் காட்டாமணக்கு, கத்தரிக் கொல்லை, வரப்புப் புல் இங்கெல்லாம் இடுப்பு உயரத்திலேயே கட்டிவிடும். அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை. பழைய தஞ்சாவூர் ஜில்லா வேலிகளெல்லாம் இதற்காகவே நட்டது போலத்தான் இருந்தன. இப்போது கிளுவையை வெட்டிவிட்டுக் கம்பி வேலி போடுகிறார்கள். கம்பியில் கட்ட முடியாது என்றில்லை, ஆனால் கம்பியில் பூ பூக்காது, பூச்சி வராது.

மற்ற வட்டவலைச் சிலந்திகளில் பல, பகலில் இலை மறைவில் பதுங்கி இருட்டியதும் வலைக்கு வருபவை. இது அப்படியல்ல, பட்டப்பகலில் நடு வலையில் எல்லாருக்கும் தெரிய உட்கார்ந்திருக்கும். அதனால்தான் அந்தப் பெருக்கல் குறி எதற்கு என்ற கேள்வி நூறு வருஷத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் வலைக்கு உறுதி சேர்க்கத்தான் என்றார்கள். ஆனால் அந்தப் பட்டை வலையோடு தளர்வாகத்தான் ஒட்டியிருக்கிறது, எதையும் இழுத்துப் பிடிக்கவில்லை. அடுத்து வந்தவர்கள், அது புற ஊதா ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, பூச்சிகளின் கண்ணுக்கு அந்த ஒளி தெரியும், பூ என்று நினைத்து வந்து மாட்டுகின்றன என்றார்கள். மூன்றாவது கட்சி பறவைக் கட்சி. வலை இருப்பது தெரிந்தால் பறவை விலகிப் போகும், வலையும் பிழைக்கும், சிலந்தியும் பிழைக்கும் என்பது இவர்கள் வாதம். சில ஆய்வுகளில் குறி போட்ட வலையில் இரை கூடியிருக்கிறது, சிலவற்றில் குறைந்திருக்கிறது. நான் பறவைக் கட்சி. எங்கள் தெருக் கிளுவைக்குள் தையல்சிட்டும் தவிட்டுக்குருவியும் நாளெல்லாம் நுழைந்து வெளியேறுகின்றன. குறி போட்ட வலையைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். இது ஆராய்ச்சி இல்லை, திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் சொல்வது.

எல்லா நாளும் நாலு கையும் இருக்காது. ஒரு நாள் இரண்டு கை, ஒரு நாள் ஒன்று, சில நாள் ஒன்றுமே இராது. இந்தப் பேரினத்துக் குஞ்சுகள் சில பெருக்கல் குறிக்குப் பதில் நடுவில் வட்டமாகப் பின்னி வைப்பதும் உண்டு. வேலியில் அப்படி ஒரு சின்ன வலையைப் பார்த்தால் அதை வேறு இனம் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒரு தத்துக்கிளி மாட்டும் நேரத்தில் பார்க்கக் கிடைத்தால் உங்கள் பையனுக்கு அதிர்ஷ்டம். பாய்ந்து போகும், ஆனால் உடனே கடிக்காது. வயிற்று நுனியிலிருந்து அகலமான பட்டையாக நூலை இழுத்து, பின்னங்கால்களால் இரையின் மேல் வீசி, உருட்டி உருட்டிப் பொட்டலம் கட்டும். கடி அதற்கப்புறம்தான். உதைக்கிற கிளியிடம் முகத்தைக் கொடுக்காத புத்தி. பெருக்கல் குறி போடுவதும் அதே வகை நூல்தான்.

விஷம் விஷயம்: இரையைச் செயலிழக்கச் செய்ய விஷம் உண்டு, மனிதருக்கு ஆபத்தானதல்ல. கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கடிக்காது. கடித்தாலும் குளவியும் தேனீயும் பழகிய நம் உடம்புக்கு அது பெரிய விஷயமில்லை. விரலால் வலையைத் தட்டிப் பார்த்தால் முதலில் வலையோடு சேர்ந்து வேகமாக ஆடும். விடாமல் தட்டினால் வலையின் மறுபக்கம் போய்விடும். இன்னும் தொந்தரவு செய்தால் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு பொத்தென்று கீழே விழுந்து புல்லுக்குள் மறையும். எதிர்த்து வராது. துணி காயப்போடுகிற வழியில் வலை இருந்தால் ஒரு குச்சியில் ஏந்தி, வேலியின் கோடியில் விட்டுவிடுங்கள். மறுநாள் அங்கே கட்டிவிடும். பழைய நூலையும் வீணாக்காது, தின்றுவிட்டுத்தான் புதியதைக் கட்டும்.

கேள்வி: பெரிய சிலந்தியின் வலை ஓரத்தில் ஒரு குட்டிச் சிலந்தி எப்போதும் இருக்கிறது. அதன் பிள்ளையா?
- ஒன்பதாம் வகுப்பு மாணவர், மன்னார்குடி

பதில்: புருஷனாக இருக்கும் தம்பி. கையெழுத்துச் சிலந்தியில் ஆண் 4 மில்லிமீட்டர் அளவுதான், நிறமும் மங்கல். பெண்ணின் வலை ஓரத்தில் நூல் கட்டிக் காத்திருக்கும். நடுவுக்குப் போய்விட்டு உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை, ஆர்ஜியோபி பேரினத்தில் பெண் பல நேரம் ஆணைத் தின்றுவிடும்.

ஆனால் அந்தச் சின்னது பாதரசம் போல் பளபளத்தால் கதை வேறு. அது ஆர்கைரோடிஸ் என்ற திருட்டுச் சிலந்தி. பெரும்பாலும் சொந்த வலைக்கு மெனக்கெடாமல், பெரியவள் வலையில் சிக்குகிற சின்னப் பூச்சிகளையும், அவள் கட்டி வைத்த பொட்டலத்தையும் திருடித் தின்று வாழும். எது என்று பார்த்து எழுது.

கேள்வி: சம்பா நடவு முடிந்து தூர் கட்டும் பயிரில் சிலந்தி நிறைய இருக்கிறது. புகையான் தொந்தரவுக்கு மருந்து அடிக்கச் சொல்கிறார்கள். நீங்கள் முன்பு எழுதிய வலைச் சிலந்தி புகையானைத் தின்னுமா? அதை நம்பி மருந்தை விடலாமா?
- விவசாயி, நீடாமங்கலம்

பதில்: வலைச் சிலந்தியை மட்டும் நம்பி விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். புகையான், அதாவது நெல் தண்டில் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி, இருப்பது தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. வலை இருப்பது பயிரின் தலையில். நெல் வயலில் வட்ட வலை கட்டும் இனங்களில் முக்கியமானது டெட்ராக்னாதா. மெலிந்து நீண்ட உடம்பு, பெரிய தாடை. பகலில் முன்னங்கால்களை முன்னால் நீட்டி நெல் இலையோடு இலையாக ஒட்டிக் கிடக்கும். கையெழுத்துச் சிலந்தியின் உறவுக்காரி ஒருத்தி, ஆர்ஜியோபி கேடனுலாட்டா, அவளும் நெல் வயலுக்கு வருவாள். இவர்கள் வலையில் பச்சைத் தத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழுவின் அந்துப்பூச்சி, இறக்கை முளைத்துப் பறந்து வரும் புகையான் எல்லாம் மாட்டும்.

அடித்தூரில் வேட்டை ஆடுகிறவள் வேறு. ஓநாய்ச் சிலந்தி, பார்டோசா. வலை கட்டாது, ஓடிப் பிடிக்கும், தண்ணீர் மேலேயும் ஓடும். முட்டைப் பையை வயிற்று நுனியில் ஒட்டிக்கொண்டு, குஞ்சு பொரித்ததும் முதுகில் சுமந்துகொண்டு திரிவதை நீங்களே களை எடுக்கும்போது பார்த்திருப்பீர்கள். புகையானுக்கு எமன் அவள்தான்.

சிலந்தியைக் கணக்கில் சேர்த்துத்தான் வேளாண் பல்கலைக்கழகமும் பொருளாதார சேத நிலை, அதாவது இதற்கு மேல் போனால்தான் மருந்து என்ற எல்லை, சொல்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு, அதாவது ஒரு தண்டுக்கு, 1 புகையான் வந்தால் நடவடிக்கை. பல தூர் சேர்ந்த ஒரு குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். ஆகவே கடைக்குப் போகுமுன் வயலுக்குள் இறங்கிக் குத்தை விலக்கி எண்ணுங்கள். வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது. எட்டடிக்கு ஒரு அடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விட்டு நட்டிருந்தால் எண்ணுவதும் சுலபம், காற்றும் வெயிலும் அடித்தூருக்குப் போகும். தண்ணீரை வடித்துக் காயப்போடுங்கள், யூரியாவைக் குறையுங்கள். மருந்து அடித்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தாலும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் பக்கம் போகாதீர்கள். அவை சிலந்தியைக் கொன்று புகையானை முன்னைவிட அதிகமாகக் கிளப்பிவிடும். அடித்த பிறகுதான் வயல் தீய்ந்தது என்று புலம்புகிறவர்களை ஒவ்வொரு சம்பாவிலும் பார்க்கிறேன். வரப்பை வழித்துச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று ஆசைப்படுவதையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். அறுவடையானதும் இந்தச் சிலந்திகள் ஒதுங்குவதற்கு அந்தப் புல்தான் இடம்.

கேள்வி: தூங்கும்போது சிலந்தி மேலே ஊர்ந்தாலோ மூத்திரம் பெய்தாலோ கொப்புளம் வருமாமே? எனக்குக் கழுத்தில் கோடு போட்டது போல் வந்திருக்கிறது.
- வாசகர், பாபநாசம்

பதில்: சிலந்தியின் மேல் இந்தப் பழி வெகுகாலமாக இருக்கிறது. உங்கள் கழுத்தில் கோடு போட்டது பெரும்பாலும் ஒரு வண்டு. எறும்பைப் போல் மெலிந்து, கருப்பும் ஆரஞ்சும் மாறி மாறி, ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும். பெயர் பீடரஸ். நெல் வயலில் வாழ்வது, இரவில் விளக்குக்கு வரும். கடிக்கவும் கொட்டவும் செய்யாது. நாம் தூக்கக் கலக்கத்தில் கழுத்தில் வைத்துத் தேய்த்து நசுக்கும்போது அதன் உடல் திரவம் தோலில் பட்டு, ஒரு நாள் கழித்து எரிச்சலும் கொப்புளமும் வருகிறது. தேய்த்த வழியில்தான் கோடு. உடம்பில் ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள், நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சொல்லப்போனால் அதுவும் புகையானைத் தின்கிற நல்ல வண்டுதான், இதை இப்போது உங்களிடம் சொன்னால் கோபம் வரும்.

உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாக, கடும் வலியோடு வந்தால் அது அக்கி. சின்னம்மையின் வைரஸ் நரம்பில் உறங்கிக் கிடந்து பல வருஷம் கழித்துக் கிளம்புவது. காவி பூசி எழுதிக்கொள்வது உங்கள் விருப்பம், ஆனால் மூன்று நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள். வைரஸ் மருந்து அதற்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும்.

கேள்வி: நான் பட்டு நெசவாளி. சிலந்தி நூல் பட்டைவிட உறுதி என்கிறார்களே, அதில் சேலை நெய்ய முடியாதா?
- வாசகர், திருபுவனம்

பதில்: நெய்திருக்கிறார்கள், விலை கேட்காதீர்கள். 1709-இல் பிரான்சில் போன் என்பவர் சிலந்தி முட்டைக்கூட்டின் நூலை எடுத்துக் காலுறையும் கையுறையும் செய்து காட்டினார். ஊரெல்லாம் வியந்தது, தொழிலாக மட்டும் வளரவில்லை. பட்டுப்புழு இலை தின்று சாதுவாக ஒரே தட்டில் ஆயிரக்கணக்கில் கிடக்கும். சிலந்தி மாமிசம் தின்னி, நூறை ஒன்றாக விட்டால் மறுவாரம் கொழுத்த ஒரு சிலவே மிஞ்சும்.

நம் காலத்தில் மடகாஸ்கரில் செய்தார்கள். அங்குள்ள பொன்வலைச் சிலந்தியின் நூலுக்கு இயற்கையிலேயே பொன் நிறம், சாயம் வேண்டாம். காட்டில் பிடித்து வந்து, இருபத்து நான்கு சிலந்திகளை ஒரு சின்னக் கைப்பொறியில் மாட்டி, நூலை இழுத்து எடுத்துவிட்டு மறுபடியும் காட்டில் விட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிலந்திகளின் நூல், நான்கு வருஷ வேலை. அகலம் 4 அடி, நீளம் 11 அடித் துணி ஒன்று வந்தது. 2009-இல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். உங்கள் தறியில் ஒரு சேலைக்கே 18 அடி வேண்டும். மல்பெரிப் பட்டையே ஓட்டுங்கள் ஐயா.

கேள்வி: திருவானைக்காவில் லிங்கத்துக்கு மேல் பந்தல் போட்ட சிலந்தி எந்த இனமாக இருக்கும்? விளையாட்டாகக் கேட்கவில்லை.
- வாசகி, திருவரங்கம்

பதில்: நானும் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. கதை தெரியாதவர்களுக்கு: வெண்ணாவல் மரத்தடி லிங்கத்தின் மேல் சருகு விழாமல் ஒரு சிலந்தி வலையால் பந்தல் போட்டது. காவிரி நீர் கொண்டு வந்து பூஜை செய்த யானை, அதை அசுத்தம் என்று கலைத்தது. சிலந்தி திரும்பத் திரும்பக் கட்டி, கடைசியில் தும்பிக்கைக்குள் புகுந்து, இரண்டும் மாண்டன. சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டியது என்பது நம் பக்கத்து நம்பிக்கை.

கையெழுத்துச் சிலந்தியாக இருக்க முடியாது. அதன் வலை பெரும்பாலும் செங்குத்தாகத் தொங்கும், பந்தலாக விரியாது. சருகு ஒட்டினால் கிழியும். என் சந்தேகம் சைர்டோஃபோரா மேல். இதுவும் வட்டவலைக் குடும்பம்தான், ஆனால் படுக்கை வசமாக நெருக்கமான கண்ணிகளோடு கூடார வலை கட்டும். ஒட்டும் பசை கிடையாது. மேலே தாறுமாறாக நூல்கள். சருகெல்லாம் அங்கேயே தங்கிவிடும். தினமும் பிரித்துக் கட்டாது, கிழிந்த இடத்தைத் தைத்துத் தைத்துப் பல நாள் வைத்திருக்கும். சிலந்தி கூடாரத்தின் அடியில் தொங்கும். கதையைக் கட்டியவர் மரத்தடியில் நின்று பார்த்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கள்ளிப் புதர், கற்றாழை, கோயில் நந்தவனத்து அரளி இங்கே தேடிப் பாருங்கள். எங்கள் ஊர்க் கோயிலில் மதிலோரம் ஒன்று கட்டியிருந்தது. ஒட்டடைக் கொம்போடு வந்தவரை நிறுத்தி இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க சார், நாளைக்கு ஆபீசர் வந்து பார்த்தால் நீங்க வந்து சொல்றீங்களா?" என்றார். போய்ச் சொன்னேன். அந்த ஒரு வலையை விட்டுவைத்திருக்கிறார்கள்.